வேளச்சேரிப் பாலம் பெங்களூரில் கிடையாது

கேள்வி: போன வருடம்தான் வேளச்சேரியிலிருந்து பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டுக்குக் குடிவந்தோம். சென்னையில் புயல் என்றால் மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும். காரைக் கொண்டுபோய்ப் பாலத்தில் ஏற்றிவிடுவோம். இங்கே ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் பெய்த ஆலங்கட்டி மழையில் கார் பானட்டும் கூரையும் குழி குழியாகிவிட்டன. வாசலில் விட்டால் மேலே குல்மொஹர் மரம். பேஸ்மென்ட்டில் விட்டால் மழைத் தண்ணீர் இறங்குகிறது. போனில் மூன்று வானிலை ஆப் இருந்தும் அன்றைக்கு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. எதைப் பார்ப்பது, எப்போது, எங்கே காரை நகர்த்துவது?
— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: ஆப்பைத் திட்டுவதற்கு முன் இரண்டு ஊர் மழையையும் பிரித்துப் பார்த்துவிடுவோம். சென்னையை மிரட்டுவது வங்கக்கடலில் உருவாகி நாள்கணக்கில் நகர்ந்துவருகிற தாழ்வு மண்டலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கார்களை மிதக்கவிட்டது. அதனால்தான் 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சைப் போலீசாரே மறுக்க வேண்டியிருந்தது.

பெங்களூரின் ஏப்ரல், மே இடிமழைக்கு அந்தப் பொறுமை இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த தரைச் சூட்டோடு ஈரக்காற்று சேர்ந்தால் போதும், மூன்று மணிக்கு வெறிச்சோடிக் கிடந்த வானத்தில் ஐந்து மணிக்குள் மேகம் கோபுரமாக எழும்பிவிடும். அதன் ஆயுசே ஒன்றிரண்டு மணி நேரம். ஜெயநகரில் கொட்டும்போது ஹெப்பாளில் வெயில் அடிக்கும். நாளைக்கு உங்கள் தெருவில் ஆலங்கட்டி விழுமா என்பதை இன்றைக்கே சொல்கிற ஆப் இருந்தால், அது ஜோசியம் பார்க்கிறது என்று அர்த்தம்.

ஆலங்கட்டி சென்னையில் அபூர்வம், இங்கே ஏன் விழுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகத்திலிருந்து விழும் பனிக்கட்டி வெப்பக்காற்றில் கரைந்து தண்ணீராவதற்குச் சென்னையில் கிடைக்கும் தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இங்கே குறைகிறது. அங்கே தூறலாகப் போகிற கட்டி இங்கே கட்டியாகவே பானட்டில் இறங்கும்.

ஆகவே முதல் நாள் முன்னறிவிப்பிடம் நேரத்தைக் கேட்காதீர்கள். இந்திய வானிலைத் துறையின் ‘மௌசம்’ ஆப்பில் காலையில் நிறத்தை மட்டும் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். மதியத்துக்கு மேல், அடுத்த மூன்று மணி நேரத்துக்கென்று அதே துறை வெளியிடும் உடனடி எச்சரிக்கைதான் உங்களுக்கு உண்மையில் உதவும். ரேடார் படமும் பார்க்கலாம். ஆனால் சென்னை ரேடாரில் பெங்களூரு ஓரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வரும்போது ஐந்து கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். மேகத்தின் தலை தெரியும், கால் தெரியாது. எனக்குப் பிடித்தது புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’. 20 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் விழுந்தால் சொல்லிவிடும். இடிமேகம் பக்கத்தில் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். எலஹங்காவிலுள்ள கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் ‘மேகசந்தேஷா’ ஆப்பும் இந்த ஊருக்கென்றே செய்தது.

எல்லாம் சரியாக வேலை செய்தாலும் கையில் கிடைப்பது அரை மணி, ஒரு மணி நேரம். நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், கார் வீட்டில் நிற்கும். அதனால் எச்சரிக்கையைத் துரத்துவதை விட, சீசனுக்குத் தகுந்தபடி காரின் இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுவதுதான் என் கட்சி.

குல்மொஹரடி எந்த சீசனிலும் வேண்டாம். பூக்கும் அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கிளை சட்டென்று முறியும் சாதி. வேரும் ஆழம் போகாது, போகிற வேரையும் நடைபாதை கான்கிரீட் நெரிக்கிறது. 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மி.மீ. பெய்து, ஜூன் மாதத்தில் 133 ஆண்டுகளில் இல்லாத அளவு என்று பதிவானதே, அன்றைக்கு நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன.

இனி பேஸ்மென்ட். வாட்ச்மேனிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தண்ணீர் வந்தது எந்த மாதம், டயரில் எதுவரை? கணுக்கால் அளவுதான் என்றால் ஏப்ரல், மே மாலைகளில் தயங்காமல் உள்ளேயே விடுங்கள். சாய்தளத்துக்குப் பக்கத்து மேட்டு இடமாகக் கேட்டு வாங்குங்கள். டயரின் பாதியைத் தொட்டது என்றால் கதை வேறு. 2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 131.6 மி.மீ. பெய்ததும் ரெயின்போ டிரைவ், பெல்லந்தூர் பக்கம் விலை உயர்ந்த கார்களெல்லாம் மூழ்கிக் கிடந்தன. ஏரியையும், ராஜகாலுவே என்று இங்கே சொல்கிற பெரிய மழைநீர்க் கால்வாயையும் ஒட்டிய தாழ்ந்த இடங்களுக்கு இது பொது விதி; உங்கள் எச்.எஸ்.ஆரின் சில செக்டர்களும் அதில் சேர்த்தி. அப்படியானால் மழை வலுத்த நாட்களில் மேட்டுத் தெருவோ, பல அடுக்கு பார்க்கிங்கின் மேல்தளமல்லாத மாடியோ பார்த்துவையுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால் பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே ஒதுங்குங்கள். ஒதுங்க இடமில்லையென்றால் காரின் முகம் கட்டி வரும் திசையைப் பார்க்கட்டும். முன் கண்ணாடி நடுவில் படலம் வைத்தது, விரிசலோடு நிற்கும். பக்கக் கண்ணாடிகள் பொடிப்பொடியாகிவிடும். தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதையில் மட்டும் இறங்கவே கூடாது. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் காரோடு சிக்கி ஒரு இளம்பெண் இறந்துபோனார்.

மூழ்கிய காரை ‘ஸ்டார்ட் ஆகிறதா’ என்று பார்க்கக்கூட சாவியைத் திருப்பாதீர்கள். காற்று மாதிரி தண்ணீர் அமுங்காது; சிலிண்டருக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, நீர்மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள். தேர்டு பார்ட்டி பாலிசியில் இதற்கெல்லாம் ஒரு பைசா கிடையாது. முழுக் காப்பீட்டில் வெள்ளம், ஆலங்கட்டி, மரம் மூன்றும் வரும். ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாதவருக்குக் கையை விரித்துவிடுவார்கள். அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேருங்கள்.

இப்போதுள்ள குழிகளுக்கு வருவோம். பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று வெயிலில் நிறுத்தி, பானட்டைச் சாய்வாகப் பாருங்கள். உரியவில்லையென்றால் பட்டி பார்க்க விடாதீர்கள். உள்பக்கமிருந்து கம்பியால் தள்ளியே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், கம்பெனி பெயின்ட் அப்படியே நிற்கும். அந்தக் கூலியைக் கேட்டுக்கொண்டு, நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்று பாலிசியில் பாருங்கள். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும். கூலி அதைவிடக் குறைவென்றால் கிளைம் போடாமல் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.