‘சமர்த்தா இருக்காங்க’ என்பது நல்ல சேதியா?

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு முதியோர் இல்லத்தில் தாயைச் சேர்த்துவிட்டு, பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் போன் போடும் பிள்ளைகளுக்கு மிகுந்த ஆறுதல் தரும் பதில், “அம்மா சமர்த்தா இருக்காங்க, ஒரு தொந்தரவும் இல்ல” என்பதுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிட்டால் அந்த இல்லம் நன்றாக நடக்கிறது என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறானது. தொந்தரவு தராமல் இருப்பது நலத்துக்கு அடையாளம் ஆகாது. வேண்டியதைக் கேட்பதையே ஒருவர் கைவிட்டுவிட்டார் என்பதாகவும் அந்த அமைதிக்கு அர்த்தம் இருக்கலாம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1976-இல் வெளிவந்தது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்களை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து, தண்ணீர் ஊற்றும் வேலையைச் செவிலியரிடம் விட்டார்கள். இன்னொரு தளத்தில், அறைச் சாமான்களை எப்படி வைப்பது, எந்த நாளில் சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு, செடியும் உங்கள் பொறுப்பு என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தில் 71 சதவீதம் பேர் முன்னைவிடத் தளர்ந்திருந்தார்கள். இரண்டாம் தளத்தில் 93 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், இதை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனால் முதல் தளத்திலும் யாரும் கொடுமைப்படுத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்பு அங்கேயும் இருந்தது. முடிவெடுக்க மட்டும் எதுவும் மிச்சமில்லை.

‘எழுந்து நடந்து விழுந்துவிட்டால்? கட்டிலோடு கட்டுவது பாதுகாப்புக்குத்தானே?’ என்பார்கள். கவலை நியாயம், வழிதான் தவறு. கட்டி வைத்தால் கால் தசை கரைகிறது, படுக்கைப்புண் வருகிறது, அவிழ்த்துவிடும் நாளில் விழும் வாய்ப்பு கூடுகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடுக்கிறது. ஆனால் சங்கிலி இடத்தில் மாத்திரை வந்துவிடக் கூடாது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு ஏறத்தாழ 1.6 மடங்காகக் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-இலேயே எச்சரித்திருக்கிறது.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: ‘பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாதவரிடம் என்ன விருப்பத்தைக் கேட்பது?’ இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பீடு இருக்கிறது. ஆகவே இது ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி இல்லை. வாயால் சொல்ல முடியாதவர் உடம்பால் சொல்கிறார். ஆயுள் முழுக்கத் தாமிரபரணிப் படித்துறையில் உடம்பில் சேலையைச் சுற்றியபடியே முங்கிக் குளித்த ஒருத்தியை, முகம் தெரியாத ஒருவர் குளியலறையில் நிறுத்தித் துணியை உருவினால் அவள் கத்துவாள், கடிப்பாள். நோய் முற்றிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். உண்மையில் அவள் தன் மானத்தைக் காக்கிறாள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, அதன் மேலேயே வெந்நீரை மெதுவாக ஊற்றி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்தால் அநேகமாக அடங்கிவிடுவாள். முக்கூடலில் காலமெல்லாம் பீடி சுற்றியவரின் விரல்கள் சும்மா இருக்க முடியாமல் போர்வையைப் பிய்த்தால், அந்தக் கையைப் பிடித்து அமுக்குவதைவிட நான்கு இலையையும் ஒரு முறத்தையும் மடியில் வைப்பது மேல்.

‘இதற்கெல்லாம் ஆளும் நேரமும் ஏது?’ இல்லம் நடத்துபவர்களின் இந்தக் கேள்வியை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. இரவில் முப்பது பேருக்கு ஓர் ஆயா என்றால் எந்தக் கருணையும் தாக்குப்பிடிக்காது. நல்ல பராமரிப்புக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எல்லாமே பணம் கேட்பதில்லை. மறதிநோயாளிகளை அவரவர் போக்கில் குளிப்பாட்டும் முறையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-இல் வெளியானது. அடிப்பதும் கத்துவதும் பாதிக்கு மேல் குறைந்தன. கூடுதலாகப் பிடித்த நேரம் சராசரியாக மூன்று நிமிடம் சொச்சம்.

முடிவை அவரவரிடமே விடுவது மேல்நாட்டுச் சரக்கு என்று தள்ளவும் வழியில்லை. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அன்றாடத் தேவை ஒவ்வொன்றுக்கும் பிறர் கையை நம்பியிருந்தவர், நூற்றுக்கணக்கானோருக்கு மறுவாழ்வு தரும் நிறுவனத்தைச் சக்கர நாற்காலியிலிருந்தே நடத்தினார்; 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. எல்லோரும் ராமகிருஷ்ணன் ஆக முடியாது என்பது சரி. ஆனால் உதவி தேவைப்படுகிற உடம்பும் முடிவெடுக்கிற மனமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு நெல்லைச் சீமையில் வேறு சாட்சி தேவையில்லை.

2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, அதில் குறைந்தது 150 பேர் தங்க வசதி என்ற அளவில் மாநில அரசு முதியோர் இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. கட்டிலை எண்ணுவது சுலபம். ஆய்வுக்குப் போகும் அதிகாரி அதோடு நிறுத்தாமல், இங்கே இருப்பவர்களில் யார் தாமதமாக எழுகிறார்கள், நேற்று யார் சாப்பாட்டை வேண்டாம் என்றார்கள், அதற்கு என்ன செய்தீர்கள் என்றும் கேட்டு எழுதிவர வேண்டும்.