ஜன்னலுக்குப் புயல் மூடி

வடகிழக்குப் பருவக் காலம் நமது மாநிலத்திற்கு மழையைத் தருவதோடு புயலையும் கொணர்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2011 டிசம்பர் 30-இல் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய ‘தானே’ புயலும், 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த ‘கஜா’ புயலும் நாம் நன்கு அறிந்தவை. ‘கஜா’ கடலோரத்தோடு நின்றுவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. ஆகவே, இங்கு நாம் கூறப்போவது மீனவக் கிராமங்களுக்கு மட்டுமன்றி, உள்நாட்டு உழவர்களுக்கும் உரிய பாடமாகும்.

வீட்டின் கூரை பறிபோவதற்கு ஒரு ஜன்னலே காரணமாகிவிடலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கூரை ஏன் பறக்கிறது?

கூரையின் மேல் விரைந்து செல்லும் காற்று அதனை மேல்நோக்கி இழுக்கிறது. அவ்வேளையில் காற்றை எதிர்நோக்கும் ஜன்னல் ஒன்று உடைந்தால், உள்ளே புகும் காற்று கூரையை அடியிலிருந்து தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பும் கீழிருந்து உந்துதலும் சேரும்போது ஓடும் தகரமும் நிலைப்பது அரிது. கூரை போனால் விதை நெல்லும், வீட்டுப் பத்திரங்களும், பிள்ளைகளின் புத்தகங்களும் மழையில் நனைந்து பாழாகும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, 3 அடிச் சதுர ஜன்னலைச் சுமார் 14 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்திலோ அது சுமார் 57 கிலோவாகிறது. சிமெண்டு மூட்டை ஒன்றின் எடையைவிட இது அதிகம். சாதாரணக் கண்ணாடியும் தளர்ந்த கொண்டியும் இதனைத் தாங்கா.

கடலோடும் பாய்ப்படகுகளில் சிறு கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. புயல் வருமுன் மாலுமிகள் அவற்றின் மேல் வெளிப்புறமாகப் பலகை மூடிகளைப் பொருத்தி முடுக்கிவிடுவர். அம்முறையையே நாம் நமது வீடுகளுக்கும் கைக்கொள்ளலாம். உள்ளூர்த் தச்சரும் கொத்தனாரும் செய்யக்கூடிய வேலையே இது.

செய்முறை

12 மில்லிமீட்டர் தடிப்புள்ள, நீர் தாங்கும் தரமான பிளைவுட் பலகை ஏற்றது. ஜன்னல் திறப்பை வெளிப்புறத்தில் அளந்து, ஒவ்வொரு பக்கமும் 5 அங்குலம் கூடுதலாக விட்டு அறுக்க வேண்டும். 3 அடிச் சதுர ஜன்னலுக்கு மூடி 3 அடி 10 அங்குலச் சதுரமாக அமையும். 8 அடிக்கு 4 அடிப் பலகை ஒன்றில் இத்தகைய மூடிகள் இரண்டு கிடைக்கும். இதைவிடப் பெரிய ஜன்னலாயின் மூடியின் குறுக்கே பனஞ்சட்டம் இரண்டை இறுக்கி வலுப்படுத்துதல் வேண்டும்.

செங்கல் சுவராயின், மூடியின் ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே, பக்கத்திற்கு 4 வீதம் சுற்றிலும் 12 துளைகள் இடுக. மூடியைச் சுவரில் நிறுத்தி, அத்துளைகளின் வழியே சுவரில் அடையாளமிட்டு ஆங்கர் போல்ட்டுகளைப் பதிக்க வேண்டும். போல்ட்டின் பிடி பூச்சில் நில்லாமல் செங்கல்லினுள் இருத்தல் இன்றியமையாதது. வெளியே நீளும் மறையில் கிரீஸ் தடவிச் சைக்கிள் டியூப் துண்டு செருகிவைத்தால் துருப்பிடியாது. குழந்தைகளுக்கும் காயம் நேராது. ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருப்பின், மூடியை அதன் அடிப்பாகம் வரை மட்டும் ஏற்றி, மேல் வரிசைக்கு ஈடாகப் பக்கத் துளைகளை நெருக்கமாக இடலாம்.

மண் சுவரில் ஆங்கர் போல்ட்டு பிடிக்காது. அங்கு, கதவின்றிக் கம்பி மட்டும் உள்ள ஜன்னலாயின், வெளியே மூடியையும், உள்ளே திறப்பைவிட நீளமான பனஞ்சட்டம் இரண்டையும் குறுக்கே வைத்து, கம்பிகளுக்கு இடையே நீண்ட போல்ட்டுகளைச் செலுத்தி உட்புறம் நட்டு முடுக்குதல் வேண்டும். சுவரைத் துளைக்கும் வேலையே இதில் இல்லை.

மூடியின் விளிம்புகளில் தண்ணீர் ஏறினால் பலகை பிரிந்துவிடும். ஆதலின் விளிம்புகளுக்கு இரண்டு கை வர்ணம் பூசுக. ஒவ்வொரு மூடியிலும் ஜன்னலின் எண்ணையும், மேல்புறத்தைக் காட்டும் அம்புக்குறியையும் எழுதுக. நட்டுகளையும் வாஷர்களையும் ஒரே டப்பாவில் வைத்து மூடிகளோடு பாதுகாத்தல் நலம்.

எப்போது பொருத்துவது?

வானிலைத் துறை 48 மணி நேரத்திற்கு முன் புயல் எச்சரிக்கை விடுத்தவுடன் மூடிகளை வெளியே எடுக்க வேண்டும். 24 மணி நேர எச்சரிக்கை வருமுன் அனைத்தும் முடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். காற்று எழுந்தபின் பலகையைத் தூக்குவது உயிருக்கு ஆபத்து.

காற்று வரும் பக்கத்தை மட்டும் மூடினால் போதும் எனச் சிலர் கருதுவதுண்டு. புயல் நகர நகரக் காற்றின் திசையும் மாறுகிறது. முதலில் மறைவாக இருந்த ஜன்னலே பின்னர் எதிர்முகமாகலாம். எனவே எல்லா ஜன்னல்களையும் மூட வேண்டும். புயலின் மையம் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும்; புயல் ஓய்ந்தது என மூடியைக் கழற்றலாகாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் சீறும்.

வெளியேற ஒரு கதவை எப்போதும் தடையின்றி வைத்திருத்தல் வேண்டும். மூடி வீட்டைக் காக்கும் துணையே அன்றி உயிருக்கு உத்தரவாதம் அன்று. குடிசையிலும் பழுதடைந்த வீட்டிலும் வாழ்வோர், மூடியை முடுக்கிய பின் புயல் பாதுகாப்பு மையத்திற்குச் செல்வதே முறை.

பஞ்சாயத்தின் பங்கு

பள்ளி, அங்கன்வாடி, நியாய விலைக் கடை, குடிநீர் மோட்டார் அறை ஆகியவற்றின் ஜன்னல்களை முதலில் கணக்கெடுப்போம். ஆகஸ்டு 15 கிராம சபையில் அப்பட்டியலை வைத்து, எவருடைய பொறுப்பில் எந்தக் கட்டடம் என முடிவு செய்வோம். அக்டோபர் 2 கிராம சபைக்குள் மூடிகளைச் செய்து முடித்து, அன்றே ஒருமுறை பொருத்திப் பார்ப்போம். பள்ளி ஜன்னலில் மூடி ஏறுவதைக் கண்ணால் கண்ட உழவர், தம் வீட்டு ஜன்னலையும் அளக்கத் தொடங்குவார். புயலைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. அது வீட்டினுள் நுழையும் வழியை அடைக்க நம்மால் இயலும்.