பாலின் விலையும் சத்தும்

கொல்கத்தா ரசகுல்லாவுக்குப் பேர்போன ஊர். பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில்தான் ரசகுல்லா செய்கிறார்கள். 1965இல் அங்கே பாலுக்குத் தட்டுப்பாடு வந்தது. சேனா இனிப்புகளுக்கு மேற்கு வங்க அரசு தடை விதித்தது.

1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை நகரங்களுக்குக் கிராமத்துப் பால் போய்ச் சேர வழி பிறந்தது. ஐரோப்பா கொடுத்த பால் பவுடரிலிருந்தும் பால் தயாரித்தார்கள்.

எல்லாப் பாலும் ஒன்றா? இல்லை. 100 கிராம் பாலில் குறைந்தது இவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்:

நிறை கொழுப்புப் பால் – 6 கிராம்
நிலைப்படுத்திய பால் – 4.5 கிராம்
சமன்படுத்திய பால் – 3 கிராம்
இருமுறை சமன்படுத்திய பால் – 1.5 கிராம்

கடைக்காரர் பழைய விலையே சொல்கிறார். நமக்கு மகிழ்ச்சி. பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். கொழுப்பு 4.5இலிருந்து 3 ஆகியிருந்தால், மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இதுவும் விலை ஏற்றம்தான்! கொழுப்பு குறைந்த பால் கெட்ட பால் அல்ல. ஆனால் விலையும் குறைய வேண்டும் அல்லவா?

செய்து பாருங்கள்: மாதம் ஒருமுறை நோட்டில் தேதி, பாலின் வகை, விலை, கொழுப்பு நான்கையும் எழுதுங்கள். ஓர் ஆண்டு கழித்து ஒப்பிடுங்கள். கணக்கு உங்கள் கையில் இருக்கும். தைரியமாகக் கேள்வி கேட்கலாம்.