கடல் கடந்த வணிகமும் டாலர்க் கடனும்

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாட்டில் ஒரு நிறுவனத்தின் கிளைப் பொறுப்பை ஏற்கவிருக்கும் இளைஞர் எவரும் முதலில் ஆராய வேண்டியது, அந்நிறுவனம் தாயகத்தில் எதனால் வென்றது என்பதையே ஆகும். அவ்வெற்றியில் நிர்வாகத் திறமையின் பங்கு எவ்வளவு, மக்கள் நெருக்கம், கூலி, சட்டம், போட்டியாளரின் நிலை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் புறப்பட்டவர்கள், தம்மைத் தாங்கிநின்ற சூழலை ஊரிலேயே விட்டுவந்ததைக் காலங்கடந்தே உணர்ந்திருக்கின்றனர். வளரும் சந்தைகளில், அதாவது வருமானமும் நுகர்வும் விரைந்து உயர்ந்தாலும் மின்சாரம், போக்குவரத்து, நிதி போன்ற அடிப்படை அமைப்புகள் இன்னும் உறுதிப்படாத நாடுகளின் சந்தைகளில், இப்பிழைக்குக் கொடுக்க வேண்டிய விலை மிகப் பெரிது. இதனை விளக்கப் பார்தி ஏர்டெல் நிறுவனத்தின் ஆப்பிரிக்க வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று அரிது.

தென்னாப்பிரிக்காவின் எம்.டி.என். நிறுவனத்துடன் இணைவதற்காக 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் நடத்திய பேச்சுகள் இருமுறையும் முறிந்த பின்னர், குவைத்தைச் சேர்ந்த ஜெய்ன் நிறுவனத்திடமிருந்து 15 ஆப்பிரிக்க நாடுகளின் கைப்பேசிச் சேவையை ஏர்டெல் 2010இல் ஏறத்தாழ 1,070 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. இந்தியாவில் அதற்கு வெற்றி தந்த முறை எளியது: நெட்வொர்க் பராமரிப்பை எரிக்சன், நோக்கியா போன்ற நிறுவனங்களிடமும், கணினிப் பணிகளை ஐ.பி.எம். நிறுவனத்திடமும் ஒப்படைத்துச் செலவைச் சுருக்குவது, கட்டணத்தைத் தாழ்த்துவது, கட்டணம் தாழ்ந்ததால் பல மடங்கு பெருகும் பேச்சு நிமிடங்களிலிருந்து, நிமிடத்துக்குச் சில காசுகளே என்றாலும், இலாபம் ஈட்டுவது. ஆப்பிரிக்காவிலும் இதுவே நிகழும் என்ற எதிர்பார்ப்பின்மீதுதான் அப்பெருந்தொகை செலவிடப்பட்டது.

ஆனால் அம்முறை ஒரே சட்டம், ஒரே நாணயம், நெருக்கமான மக்கள்தொகை ஆகியவற்றைக் கொண்ட ஒரு நாட்டில் உருவானது. ஆப்பிரிக்காவிலோ உரிமக் கட்டணமும் வரியும் ஒழுங்குமுறை ஆணையமும் நாட்டுக்கு நாடு வேறுபட்டன. மின்கம்பி எட்டாத இடங்களில் கோபுரங்கள் டீசலில் இயங்க வேண்டியிருந்தது. பரந்து கிடந்த சிற்றூர்களுக்கு அந்த டீசலைக் கொண்டுசேர்ப்பதே தனிச் செலவாயிற்று. கட்டணக் குறைப்பும் நினைத்த பயனைத் தரவில்லை. கென்யாவில் 2010இல் கட்டணம் வெகுவாகக் குறைக்கப்பட்டபோதும் சஃபாரிகாம் நிறுவனத்தின் முதலிடம் அசையவில்லை. அந்நிறுவனம் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவை, வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும் பணம் அனுப்பவும் பெறவும் சேமிக்கவும் வழி செய்திருந்தது. உறவினரும் கடைக்காரரும் அதே சேவையில் இருக்கும்போது, பேச்சுக் கட்டணம் சற்றுக் குறைவென்பதற்காக ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதில்லை. பயன்படுத்துவோர் பெருகப் பெருகச் சேவையின் பயனும் பெருகி, போட்டியாளர் நுழைய இயலாத அரணாக அது மாறுவதைப் பொருளியலார் வலைப்பின்னல் விளைவு என்பர். அந்த அரணை விலைக் குறைப்பால் மட்டும் தகர்க்க முடியாது.

இவையெல்லாம் உழைப்பாலும் காலத்தாலும் சரிசெய்யத்தக்க இடர்கள். நாணய இடரோ அத்தகையதன்று. இக்கடிதம் எழுதப்படுவதற்கும் அதுவே முதன்மையான காரணம். ஏர்டெல் அந்த வாங்கலுக்கான பணத்தைப் பெரும்பாலும் டாலர்க் கடனாகத் திரட்டியது. வருவாயோ நைராவிலும் ஷில்லிங்கிலும் குவாச்சாவிலும் வந்தது. வாங்கிய கடன் ஒரு நாணயத்திலும் ஈட்டும் வருவாய் மற்றொரு நாணயத்திலும் இருக்கும் இந்நிலையை நாணயப் பொருந்தாமை எனலாம். எண்ணெய் விலை வீழ்ந்து அந்நியச் செலாவணி வறண்ட சூழலில், நைஜீரியா 2016 ஜூனில் நைராவின் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டது. 2023 ஜூனில் மீண்டும் அவ்வாறே செய்தது. இரண்டாம் முறை ஒரு டாலருக்கு 460 நைரா அளவில் இருந்த விகிதம் சில வாரங்களுக்குள் 750ஐ எட்டியது. ஒரு நிறுவனம் 460 கோடி நைரா ஈட்டி ஒரு கோடி டாலர் கடனைத் தீர்க்கத் திட்டமிட்டிருந்ததாகக் கொண்டால், வாடிக்கையாளர் ஒருவரும் விலகாமல், ஊழியர் ஒருவரும் தவறாமல், அதே வருவாய் 61 இலட்சம் டாலராகச் சுருங்கிவிடும். 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், மாற்று விகிதம் மாறாதிருந்ததாகக் கொண்டு கணக்கிட்டால், ஏர்டெலின் துணை நிறுவனமான ஏர்டெல் ஆப்பிரிக்காவின் வருவாய் 20 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்திருந்தது; ஆயினும் ஆண்டின் முடிவில் அந்நிறுவனம் காட்டியது ஏறத்தாழ 8.9 கோடி டாலர் இழப்பு. நிர்வாகம் சிறந்திருந்தும் கணக்கு தோற்றுப்போன ஆண்டு அது.

அதற்கு முன்பே அந்நிறுவனம் பல திருத்தங்களைத் தொடங்கியிருந்தது. கோபுரங்களில் பெரும்பகுதியை விற்றுக் கடனைக் குறைத்தது. புர்கினா ஃபாசோ, சியரா லியோன் ஆகிய நாடுகளின் சேவையை 2016இல் ஆரஞ்சு நிறுவனத்திடம் விற்று வெளியேறியது. 2019இல் லண்டன் பங்குச் சந்தையில் பங்கு வெளியிட்டுக் கடனுக்குப் பதில் முதலைத் திரட்டியது. கைப்பேசிப் பணச் சேவையைத் தனித் தொழிலாக வளர்த்தது. இன்று அந்நிறுவனம் அக்கண்டத்தின் பெருநிறுவனங்களுள் ஒன்று. எனினும் இந்தியச் சந்தையின் வருவாய் பின்னால் நின்று தாங்கியதால்தான் அவ்வளவு நீண்ட காத்திருப்பு இயன்றது என்பதை மறத்தலாகாது. அத்தகைய தாய் நிறுவனம் இல்லாத சிறு ஏற்றுமதியாளர் எவரும், ஏர்டெல் மீண்டதைக் காட்டித் தமக்கும் அது இயலும் என்று கருதுவது பெருந்தவறு.

மாறாக, சீனாவின் டிரான்ஷன் நிறுவனம் சென்ற வழி சிறு முதலாளிகளுக்கு நெருக்கமானது. தாயகத்தில் பெயர் பெறாத அந்நிறுவனம் டெக்னோ, ஐடெல் என்னும் பெயர்களில் ஆப்பிரிக்காவுக்கென்றே கைப்பேசிகளைச் செய்தது. ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குப் பேசினால் கட்டணம் கூடுதல் என்பதால் மக்கள் பல சிம்களை வைத்திருந்ததைக் கண்டு இரட்டைச் சிம் வசதியை அளித்தது. மின்சாரம் நிலையற்ற ஊர்களுக்கு நீண்ட நேரம் தாங்கும் மின்கலத்தைப் பொருத்தியது. கருநிற முகங்கள் தெளிவாகப் பதியுமாறு கேமராவைத் திருத்தியது. கொண்டுசெல்லப் பழைய வெற்றி எதுவும் இல்லாததே அதற்கு வாய்ப்பாக அமைந்தது என்று கூறினும் மிகையாகாது.

ஆகவே தம்பி, பொறுப்பேற்கும் நாட்டில் முதற்கூட்டம் விற்பனை இலக்கைப் பற்றியதாக இல்லாமல், கடன் எந்த நாணயத்தில் உள்ளது, இலாபத்தை அந்நாட்டிலிருந்து வெளியே எடுக்கச் சட்டமும் செலாவணி இருப்பும் இடம் தருகின்றனவா, நாணயம் பாதியாக வீழ்ந்தால் எத்தனை மாதம் தாங்க இயலும் என்பவற்றைப் பற்றியதாக அமைக. இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைக்கும்வரை, தலைமையகம் எவ்வளவு வற்புறுத்தினாலும், எந்தக் கடன் ஆவணத்திலும் கையொப்பமிட வேண்டா.

அன்புடன்,
பெரியப்பா