பழைய சாமானில் பள்ளி நூலகம்: நிதி திரட்ட சில குறிப்புகள்

எட்டயபுரத்தில் 1947-இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபம், கல்கி முன்னின்று பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையில் எழுந்தது. பள்ளி நூலகம் போன்ற சிறு காரியங்களுக்கு, வீட்டில் சும்மா கிடக்கும் பொருட்களை விற்றே பணம் சேர்க்கலாம்.

• எட்டயபுரத்தின் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வெளியூர்க் கூட்டம் வரும். அன்று காலையிலேயே கடை விரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் தார்ப்பாய் அவசியம்.

• 'நூலகத்துக்குப் புத்தகம் வாங்க' என்று நோக்கத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள். பேரம் குறையும்.

• துணிகளைத் துவைத்து மடித்து, அளவு வாரியாக அடுக்குங்கள். மிக்ஸி, மின்விசிறியை ஓட்டிக் காட்ட பிளக் வசதி வேண்டும்.

• 10, 20, 50, 100 ரூபாய் என முழு விலையாக ஒட்டுங்கள். சில்லறையும் கியூஆர் அட்டையும் தயாராக இருக்கட்டும்.

• கிழிந்த துணி, பழைய மருந்து, வால்வு பழுதான குக்கர் வேண்டாம்.

• பணப்பெட்டிக்கு இருவரைப் பொறுப்பாக்குங்கள்.

• மதியத்துக்கு மேல் பாதி விலை. மிஞ்சிய நல்ல துணி ஆதரவற்றோர் இல்லங்களுக்கு. காகிதமும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்கு.

• வரவு செலவை மறுநாளே பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த முறை பொருள் கேட்டால் தயங்காமல் தருவார்கள்.