திணிப்பதா, மதிப்பதா?

நமது சமயத்தைப் பிறர் இழிவாகப் பேசினால் நமக்கு மனம் நோகின்றது. அதே நோவு அயலவருக்கும் உண்டென்று நாம் நினைப்பதுண்டா?

வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். 1621-ல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தனர். இடித்தவர்கள் கத்தோலிக்கர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1658-ல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டனர். 1687-ல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்திலேயே இலங்கைக்கு வர நேர்ந்தது.

அவருக்கு அடைக்கலம் அளித்தவர் யார்? கண்டியின் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன். ஒற்றன் என்ற ஐயத்தால் முதலில் சிறைவைத்தானாயினும், பின்னர் மறைப்பணி செய்ய இடங்கொடுத்தான். 1697-ல் கண்டியில் வைசூரி பரவியபோது, அடிகளாரும் சமயம் பாராது நோயாளரைப் பேணினார்.

அப்படியாயின் நமது விசுவாசத்தை ஒளித்துவைக்க வேண்டுமா? இல்லை. சாட்சி பகர்வது வேறு, திணிப்பது வேறு. விசுவாசம் மனிதன் இறைவனுக்கு மனமுவந்து கொடுக்கும் பதில். வற்புறுத்திப் பெறுவது விசுவாசமாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சமய சுதந்திரம் பற்றிய தன் ஏட்டில் இதையே போதித்தது.

ஆகவே, அயல்வீட்டாரின் விரதத்தையும் திருவிழாவையும் கேலி செய்யாதீர்கள். வேற்றுச் சமயத்திலிருந்து வந்த மருமகளை, “எங்கள் கோவிலுக்கு வந்தால்தான் நீ எங்கள் பிள்ளை” என நெருக்காதீர்கள். உங்கள் வீட்டில் அவள் காணும் அன்பே முதற் போதனை.

நமக்கு மறுக்கப்பட்டபோது நாம் அழுதோம். நாம் மறுக்கும்போது அழுபவரையும் நினைப்போமாக.