வண்டி கிளம்ப மறுத்தால்: சென்சாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

விடியற்காலை மூன்றரை மணி. கீரைக்கட்டு, கத்தரி, வெண்டை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. உழவர் சந்தைக்குப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. ஏழெட்டு முறை அடித்த பிறகு ஒருவழியாகப் பிடித்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "பி 0335 காட்டுதுங்க. கிராங்க் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். பத்தே நாளில் அதே கோடு, அதே தொல்லை. சென்சார் காசும் போச்சு, கீரையும் வாடிப்போச்சு. பன்னிரண்டு வருடம் ஓடிய அந்த டீசல் பிக்கப் சொல்லிக்கொடுத்த பாடம்தான் இது.

இலை மஞ்சளானதும் யூரியா போடு என்பவர்கள் உண்டு. நாம் வேரைப் பார்க்கிறோம், தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கிறோம். வண்டியில் வரும் கோடும் மஞ்சள் இலை மாதிரிதான். பி 0335 என்றால் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். அந்தச் சுற்றில் சென்சார், வயர், கனெக்டர், எர்த் எல்லாமே அடக்கம். எது கெட்டது என்று நாம்தான் தேட வேண்டும். தேடும் வரிசை இதோ:

1. கோடை எழுதி வையுங்கள். பேட்டரியைக் கழற்றினாலே பல வண்டிகளில் கோடு அழிந்துவிடும். அதனால் முதல் வேலை இதுதான்.

2. சுற்றும் சத்தத்தைக் கேளுங்கள். மெதுவாக, முக்கி முக்கிச் சுற்றினால் பேட்டரி, முனைகள், எர்த், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் டீசல் அல்லது சென்சார் பக்கம் போங்கள்.

3. பேட்டரியை அளந்து பாருங்கள். ஒரு மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முனையில் உப்பு பூத்திருந்தால், முதலில் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகிற எர்த் வயரின் போல்ட்டையும் துரு போகத் தேய்த்து இறுக்குங்கள். வோல்ட் குறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் குழம்பி, நல்ல சென்சார் மேலேயே பழி போடும்.

4. டீசலைப் பாருங்கள். பில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பில்டர் மேல் கைப்பம்பு இருந்தால், காலையில் அதை நன்றாக அழுத்திவிட்டு ஸ்டார்ட் அடியுங்கள். உடனே பிடித்தால், இரவில் டீசல் பின்னே இறங்கிவிடுகிறது, எங்கோ காற்று இழுக்கிறது என்று பொருள். குழாய், கிளாம்ப், பில்டர் வாசர் இவற்றைப் பாருங்கள். பி 0087, அதாவது ரெயில் அழுத்தம் குறைவு என்று வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

5. ஸ்கேனரில் ஓடும் அளவுகளைப் படியுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் அது பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சாரின் சிக்னல் போய்ச் சேரவில்லை. 200 பக்கம் காட்டினால் அந்த நேரத்தில் சிக்னல் வருகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறாக இருந்தால் பல காலை பார்க்க வேண்டும்.

அடுத்து, இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 டிகிரி காட்டினால் நம்ம ஊரில் அது நடக்காத காரியம். பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும், அல்லது கனெக்டர் கழன்றிருக்கும். பி 0118 கோடும் இதோடு வரும்.

6. வயரைக் கையால் தடவிப் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சைப் பாசியோ எண்ணெயோ இருக்கிறதா என்று பாருங்கள். வயர் மேலுள்ள உறையை விலக்கிப் பார்க்கவும் சோம்பக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பழைய டிராக்டரில் காற்று எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்துவோம். காமன் ரெயில் வண்டியில் அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படிப் பட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கள் வண்டிக்கு ஆறாவது படியில் விடை கிடைத்தது. கனெக்டரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, உறைக்குள் எலி கடித்திருந்தது. செம்பு இழை இரண்டோ மூன்றோதான் மிச்சம். பனி ஈரத்தில் அதுவும் பச்சை பூத்து, சில காலை சிக்னலே இல்லை. வெட்டி, அதே கனத்தில் வயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, உறை மாட்டினோம். அப்புறம் அந்தக் கோடு வரவில்லை. கழற்றிப்போட்ட பழைய சென்சார் நல்லாத்தான் இருந்திருக்கிறது!

வைக்கோல் போர் ஓரமாக வண்டி நிறுத்துவதை அன்றோடு விட்டோம். இப்போது எந்த மெக்கானிக் எதை மாற்றச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "எதைச் சோதிச்சுப் பாத்துட்டு மாத்தச் சொல்றீங்க?" நீங்களும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், மீட்டரை எடுத்துக் காட்டுவார்.